குளிர் ஊரில் ஹைட்ரேஞ்சியா: செட்டிநாட்டுக்காரர்கள் சிலர் வளர்த்துப் பார்த்தது

கோட்டையூர் (மகள் வீடு கனடாவின் ஒட்டாவாவில்)

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற நம் பக்கத்து வீடுகளில் பலரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான். கொத்துக் கொத்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியாச் செடி வாங்கி வைத்தோம், புதர் மாதிரி தழைத்துவிட்டது, பூ மட்டும் வரவில்லை, ஏன்? மகள் வீட்டிலும் இதே கதைதான் நடந்தது. அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

ஒட்டாவாவில் மகள் வாங்கிய வீட்டுக்குப் பின்னால் பெரிய இலை வகை ஒன்று ஏற்கெனவே இருந்தது. மேக்ரோஃபில்லா என்பார்கள், பூர்வீகம் ஜப்பான். அக்டோபரில் தோட்டத்தைச் சுத்தம் பண்ண வந்தவர், காய்ந்த குச்சி போலிருந்த தண்டுகளையெல்லாம் தரையோடு வெட்டிவிட்டுப் போனார். அடுத்த கோடையில் இடுப்பளவு இலை. ஒரு பூ இல்லை.

காரணம் இதுதான். இந்த வகை, அடுத்த வருஷத்துப் பூவுக்கான மொட்டை இந்த வருஷத்துத் தண்டிலேயே ஆகஸ்ட், செப்டம்பரில் கட்டிவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. குச்சி காய்ந்ததாகத் தோன்றும், நுனியிலும் கணுவிலும் மொட்டு உயிரோடு இருக்கும். அதை வெட்டினால் ஒரு வருஷத்துப் பூவையே வெட்டியதாகிறது. நம் ஊரில் ரோஜாவைக் கவாத்து பண்ணினால் துளிர்த்துப் பூ கொட்டும். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது.

வெட்டாமல் விட்டாலும் வேலை முடிவதில்லை. ஒட்டாவாக் குளிர் மைனஸ் 25 வரை இறங்கும். வேர் தாங்கிவிடும், தண்டிலிருக்கும் மொட்டு தாங்காது. மறு வருஷம் மகள் செய்தது இது: நவம்பர் தொடக்கத்தில் செடியைச் சுற்றி நாலு குச்சி நட்டு, கோழி வலை கட்டி, உள்ளே காய்ந்த மேப்பிள் சருகைத் தண்டு மறையும் வரை கொட்டினாள். மேலே சாக்கு. அதன்மேல் விழுந்த பனியைத் தள்ளவே இல்லை. பனி செடியைக் கொல்லும் என்று நாம் நினைக்கிறோம், உண்மை நேர்மாறு. ஓரடிப் பனிக்கு அடியில் தரை பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும். பனி இல்லாத நாளில் அடிக்கிற வறட்டுக் குளிர்காற்றுதான் மொட்டை உலர்த்திக் கொல்கிறது.

அதைவிடப் பெரிய ஆபத்து வசந்தத்தில். ஏப்ரலில் நாலு நாள் வெயில் அடித்ததும் மொட்டு விரியத் தொடங்கும். அப்புறம் மே மாதத்தில் ஒரு ராத்திரி உறைபனி வரும், எல்லாம் கருகிவிடும். அதனால் சருகை ஒரேயடியாக எடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். உறைபனி அறிவிப்பு வந்த ராத்திரிகளில் மகள் என் பழைய கண்டாங்கிச் சேலையைத்தான் செடிமேல் போர்த்தினாள். கெட்டிப் பருத்தி, தரைவரை தொங்கும், தரையின் சூட்டை உள்ளே பிடித்து வைக்கும். காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். அந்த ஜூலையில் பழைய தண்டுகளில் வந்த பூவைப் பார்க்கத் தெருக்காரர்கள் வேலியோரம் நின்று பேசிவிட்டுப் போனார்கள். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

இவ்வளவு பாடுபட முடியாதவர்கள் வேறு வகை வாங்குங்கள். அன்னாபெல், பேனிகுலேட்டா இரண்டும் வசந்தத்தில் வரும் புதுத்தளிரிலேயே பூக்கும். குளிரில் தண்டு செத்தாலும் கவலையில்லை, மார்ச்சில் தாராளமாக வெட்டலாம். அன்னாபெல் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து அன்னா என்ற ஊர்ப் பக்கம் கிடைத்த செடி, 1960களில் விற்பனைக்கு வந்தது. மழை பெய்தால் தலை சாய்ந்துவிடும், முட்டுக் கொடுக்க வேண்டும். வின்னிபெக், கால்கரி மாதிரி இன்னும் கடுங்குளிர் ஊரில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது பேனிகுலேட்டாதான், குறிப்பாக லைம்லைட். பூ இளம்பச்சையில் தொடங்கி, வெள்ளையாகி, குளிர் வரும்போது இளஞ்சிவப்பு ஏறும். 2004இல் வந்த எண்ட்லெஸ் சம்மர் என்ற மேக்ரோஃபில்லா ரகம் பழைய தண்டிலும் புதுத்தண்டிலும் பூக்கும் என்று விற்கிறார்கள். பக்கத்து வீட்டில் பார்த்தேன், கடுங்குளிருக்குப் பிறகு பூ வந்தது, ஆனால் தாமதமாகவும் குறைவாகவும் வந்தது.

தேவகோட்டை (கொடைக்கானலில் தோட்டம்)

ஆச்சி சொன்ன சருகு வேலையெல்லாம் எங்களுக்குத் தேவைப்படுவதில்லை. கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். மார்கழி, தையில் சில ராத்திரி புல்மேல் உறைபனி பிடிக்கும், தண்டு தாங்கிக்கொள்ளும். மலைமேல் வேலியோரமெல்லாம் நீலமாக நிற்பது இதே மேக்ரோஃபில்லாதான்.

நான் சொல்ல வந்தது நிறத்தைப் பற்றி. எங்கள் வீட்டுச் சுவரையொட்டி ஒரு பழைய புதர் இருக்கிறது. தோட்டப் பக்கம் பார்த்த கிளைகளில் பூ நல்ல நீலம், சுவர்ப் பக்கம் இளஞ்சிவப்பு. ஒரே செடி, ஒரே வேர்த்தூர். ஒட்டு வைத்திருக்கிறார்கள் என்று வருகிறவர்கள் சொல்வார்கள். அப்பச்சிதான் காட்டினார்கள்: பழைய சுவரின் சுண்ணாம்புப் பூச்சு மழையில் கரைந்து அந்தப் பக்கத்து மண்ணில் இறங்கியிருக்கிறது. தேவகோட்டையில் சுண்ணாம்புப் பூச்சுப் பார்த்தே வளர்ந்தவர்கள், பார்த்ததும் தெரிந்துவிட்டது.

இரண்டு பூவிலும் இருக்கும் நிறமி ஒன்றேதான். மண்ணிலுள்ள அலுமினியம் பூவுக்கு ஏறினால் நீலம், ஏறாவிட்டால் இளஞ்சிவப்பு. மண்ணின் பி.எச்., அதாவது புளிப்பு-கார அளவு, 5.5க்குக் கீழே இருந்தால் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும். 6.5க்கு மேலே போனால் மண்ணிலேயே பூட்டிக்கொள்ளும். நடுவில் இருந்தால் ஊதா. ஆக, ஆச்சி மகள் வீட்டில் நீலம் வேண்டுமென்றால் முதலில் மண்ணைச் சோதிக்கச் சொல்லுங்கள். அலுமினியம் சல்பேட் ஒரு மேசைக்கரண்டியை நாலு லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஈர மண்ணில் ஊற்றலாம். காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் கருகும், அளவு மிஞ்சினாலும் கருகும். எலும்புத்தூள் போடவே வேண்டாம். அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) அலுமினியத்தைக் கட்டிவிடும். வெள்ளைப் பூ வகைக்கு இதெல்லாம் வீண், அது வெள்ளையாகவேதான் இருக்கும்.

காரைக்குடி

வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) வெயில் நேராக விழாத ஓரமாகப் பார்த்து ஒரு தொட்டி வைத்திருக்கிறேன். நர்சரியில் வாங்கும்போது பூவோடு இருந்தது. அந்தப் பூ ரொம்ப நாள் நின்றது, அதற்கப்புறம் இலை மட்டுமே. மத்தியானம் ஆனால் துவண்டு தொங்குகிறது. தண்ணீர் ஊற்றி ஊற்றி அலுத்துவிட்டது. இது இங்கே பூக்குமா, இல்லையா?

கோட்டையூர்

துவளுவதற்கெல்லாம் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெரிய இலை, வெயில் நேரத்தில் வேர் கொடுப்பதைவிட வேகமாக ஈரம் போய்விடும். ஒட்டாவாவிலேயே ஜூலை மத்தியானத்தில் துவளும். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் விடுங்கள், சாயந்திரம் தானாக நிமிரும். ஈரத்தின் மேல் ஈரம் ஊற்றினால் வேர் அழுகிவிடும்.

பூவைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன், மனசு கஷ்டப்பட வேண்டாம். இந்தச் செடிக்கு மொட்டுக் கட்டவே குளிர்ந்த நாட்கள் வேண்டும். கட்டிய பிறகு 10 டிகிரிக்கும் கீழே ஆறேழு வாரம் உறக்கம் வேண்டும். காரைக்குடியில் மார்கழி விடியலிலும் அந்தக் குளிர் கிடைக்காது. நர்சரிக்காரர்கள் குளிர் அறையிலோ மலையிலோ அந்த உறக்கத்தைக் கொடுத்துத்தான் பூவோடு கொண்டுவருகிறார்கள். நீங்கள் வளர்த்ததில் குறை ஒன்றும் இல்லை. கொத்துப்பூதான் ஆசையென்றால் நம் செம்மண்ணில் இட்லிப்பூ வையுங்கள், வருஷம் முழுக்கப் பூக்கும். இன்னொன்று, ஹைட்ரேஞ்சியா இலையிலும் மொட்டிலும் நஞ்சு உண்டு. ஆடு, நாய் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேவகோட்டை

அந்தத் தொட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பங்குனிக் கடைசியில் நாங்கள் மலைக்குப் போகிறோம், வழியில் காரைக்குடியில் வாங்கிக்கொள்கிறேன். போகும் வழியில் காற்றில் இலை கிழியாமல் ஈரச் சாக்கைச் சுற்றி வையுங்கள். கிளையை மட்டும் வெட்டாதீர்கள்.