ஆயிரம் டிகிரிச் சூளையும் பீங்கானும்

குழு: தாத்தா வீட்டுச் சொந்தங்கள்

சுகந்தி: அனைவருக்கும் வணக்கம். மொட்டைமாடி அறையில் நான் வாங்கி வைத்திருக்கும் மின்சூளை 1000 டிகிரிக்கு மேல் ஏறாது. அதில் பீங்கான் செய்ய முடியுமா என்பதை, ஜெய்ப்பூர்ப் பட்டறையில் வேலை கற்றுவரும் கயல் சொன்னால் உதவியாக இருக்கும்.

கயல்: அக்கா, சீனக்களிமண்ணும், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற இரண்டு கனிமங்களும் சேர்ந்த அசல் பீங்கான் 1300 டிகிரியை ஒட்டித்தான் இறுகிக் கண்ணாடித்தன்மை பெறும். உங்கள் சூளையில் அது நீரை உறிஞ்சும் அரைவேக்காடாகவே நின்றுவிடும். இங்கே ஜெய்ப்பூரில் நாங்கள் செய்யும் நீலப் பாண்டமோ (ப்ளூ பாட்டரி) 800 முதல் 850 டிகிரிக்குள் வெந்துவிடுகிறது. கடைகளில் அதையும் பீங்கான் என்றே விற்கிறார்கள். ஆனால் அதில் மண் என்று சொல்லத்தக்கது சிறிதளவு முல்தானி மட்டி மட்டுமே.

ராஜு மாமா: களிமண் இல்லாமல் பாண்டம் எப்படி நிற்கும் கயல்?

கயல்: பெரும்பங்கு குவார்ட்ஸ் பொடி மாமா. அதனோடு கண்ணாடித்தூள், சோடா உப்பு, கோந்து ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைகிறோம். சூட்டில் கண்ணாடி உருகிக் குவார்ட்ஸ் துகள்களை ஒட்டவைக்கிறது. சோடா அந்த உருகுநிலையைத் தாழ்த்துகிறது. 1575ஐ ஒட்டி இத்தாலியின் ஃபுளோரன்சை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் பட்டறையில் சீனப் பீங்கானைப் போலச் செய்ய முயன்றவர்களும் வெண்களிமண்ணில் கண்ணாடிப் பொருளைக் கலந்துதான் ஓரளவு வெற்றி கண்டார்கள்.

சுகந்தி: அப்படியானால் என் சக்கரத்திலேயே வனையலாமா?

கயல்: முடியாது அக்கா. இந்த மாவில் இழுவை இல்லை. சக்கரத்தில் ஏற்றினால் கிழிந்துவிடும். சப்பாத்தி போலத் தட்டி, பிளாஸ்டர் அச்சுக்குள் படியவைத்து, சுவர் உள்ளே சரியாமலிருக்கச் சலித்த சாம்பலை அழுத்தி நிரப்பிக் கவிழ்க்கிறோம். காய்ந்ததும் சாம்பலைத் தட்டிவிட்டு, கழுத்தையும் அடிப்பாகத்தையும் தனியே ஒட்டித் தேய்க்கிறோம். களிமண்ணைப் போல இது அதிகம் சுருங்குவதில்லை என்பதால் அச்சின் அளவே ஏறக்குறைய பாண்டத்தின் அளவு. மழைக்காலத்தில்தான் சரியாகக் காயாமல் உயிரை வாங்கிவிடும்.

ராஜு மாமா: மேலே பளபளக்கும் கண்ணாடிப் பூச்சு, அந்தக் கிளேஸ் எதனால் ஆனது? வெங்காரம் (போராக்ஸ்) இருக்குமென்று நினைக்கிறேன்.

கயல்: இருக்கிறது மாமா. கண்ணாடித்தூள், வெங்காரம், துத்தநாக ஆக்சைடு, வெடியுப்பு ஆகியவற்றை ஒன்றாக உருக்கி, குழம்பை அப்படியே தண்ணீரில் ஊற்றினால் அது பொரிந்து சில்லுச்சில்லாக உடைகிறது. அந்தச் சில்லை அரைத்து, மைதாக் கூழில் கலந்து பாண்டத்தின்மேல் பூசுகிறோம். வெங்காரத்தைப் பச்சையாகக் கலந்தால் நீரில் கரைந்து பாண்டத்துக்குள் இறங்கிவிடும் என்பதால்தான் முதலில் உருக்குவது. பூச்சும் உடலும் ஒரே இனத்துப் பொருள்கள் என்பதால் இரண்டும் ஒரே சூளையேற்றத்தில் வெந்துவிடுகின்றன, முன்வேக்காடு தேவையில்லை.

சுகந்தி: வண்ணம் தீட்டுவது எப்போது?

கயல்: கிளேஸுக்கு முன்னால். மைதாவும் குவார்ட்ஸும் கலந்த வெள்ளைப் பூச்சு காய்ந்த பிறகு, அணில் முடித் தூரிகையால் தீட்டுகிறார்கள். நீலத்துக்கான கோபால்ட் ஆக்சைடு தீட்டும்போது கருமையாகத்தான் தெரியும். வெந்த பிறகே நீலம். செம்பு ஆக்சைடு இந்தக் காரக் கிளேஸில் மயில்கழுத்து நிறத்தைத் தருகிறது. கடந்த நூற்றாண்டின் நடுவில் ஏறக்குறைய அற்றுப்போன இத்தொழிலை, கைவினைத் தொழில்களை மீட்கப் பாடுபட்ட கமலாதேவி சட்டோபாத்யாயின் தூண்டுதலால் மீட்டெடுத்த கிருபால் சிங் ஷெகாவத் அடிப்படையில் ஓவியர். 1974இல் பத்மஸ்ரீ பெற்றவர். இன்றும் பட்டறையில் தூரிகை பிடித்தவருக்கே முதல் மரியாதை, மாவு பிசைபவருக்கு இல்லை. எனக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை.

சாந்தி சித்தி: சுகந்தி, அதில் சாப்பிடும் தட்டு செய்து தருவாயா?

கயல்: சித்தி, தாழ்சூட்டுக் கிளேஸ்களில் ஈயம் சேர்ப்பவர்களும் உண்டு. புளியும் தயிரும் பட்டால் ஈயம் கசியும். ஈயமில்லாத சில்லு என்று உறுதியாகத் தெரிந்தாலொழியச் சாப்பாட்டுக்கு வேண்டாம். சுகந்தி அக்கா, சூளையில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்குங்கள், இல்லையென்றால் கிளேஸ் உருகி ஒட்டிக்கொள்ளும். நன்றாக ஆறும்வரை திறக்காதீர்கள். இங்கே விறகுச் சூளையை ஆற இரண்டு மூன்று நாள் விடுகிறார்கள்.

சுகந்தி: தட்டு வேண்டாம் சித்தி, அலமாரிக் கதவுகளுக்குக் குமிழ் செய்து தருகிறேன். கயல், குமிழ் அச்சின் படத்தை அளவோடு அனுப்பு. ஈயமில்லாத சில்லு கிலோ என்ன விலை என்றும் விசாரித்துச் சொல்.