துத்தநாக ஃப்ரேம் விரிசல் விடுமா? மலிவு .22 ரிவால்வர் பற்றி ஒரு இழை

ஆறறை:
பக்கத்து இழையில் ஈயக்குண்டு ஐயா அருளியிருப்பது இது: "துத்தநாக ஃப்ரேம் ரிவால்வர் வாங்குவது காசைக் கரியாக்குவது. 5,000 ரவுண்டுக்குள் விரிசல் விடும். எஃகு வாங்க வக்கில்லாதவன் சுடாமல் இருக்கலாம்."

காகித இலக்கும் தகர டப்பாவும் சுடுவதற்கு முதல் ரிவால்வர் தேடுகிற ஆளிடம் பேசுகிற பேச்சா இது? .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) என்ற சிறு தோட்டா வெடிக்கும்போது வரும் அழுத்தத்தின் உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு. அதைத் தாங்குவது தோட்டா உட்காரும் சிலிண்டர் அறையும், குண்டு போகும் குழலான பேரலும். மலிவு ரிவால்வரிலும் அவை எஃகுதான். அவற்றைப் பிடித்திருக்கும் ஃப்ரேம் வெறும் கூடு. விரிசல் எங்கிருந்து வரும்?

ஈயக்குண்டு:
"வெறும் கூடு"! அடேங்கப்பா. குண்டு முன்னால் போகும்போது கேஸ் (தோட்டாவின் பித்தளைக் கூடு) பின்னால் உதைக்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். கேஸின் உள்விட்டம் ஏறத்தாழ 0.2 அங்குலம், பரப்பு 0.031 சதுர அங்குலம். 24,000-ஆல் பெருக்குங்கள், 750 பவுண்டுக்குப் பக்கத்தில் வரும். அந்த உதை சிலிண்டருக்குப் பின்னால் இருக்கும் ஃப்ரேம் சுவரில் விழுகிறது. சிலிண்டருக்கு மேலே ஓடும் ஃப்ரேமின் மேல்பட்டி ஒவ்வொரு வெடிக்கும் இழுபடுகிறது. எஃகுக்குச் சோர்வு எல்லை உண்டு. அதற்குக் கீழே எத்தனை லட்சம் தடவை இழுத்தாலும் முறியாது. துத்தநாகத்துக்கு அப்படி ஒரு எல்லை கிடையாது. ஆகவே விரிசல் நிச்சயம். நாள்தான் தெரியாது.

லேத்துப்பட்டறை:
அண்ணே, பெருக்கத் தெரிஞ்ச உங்களுக்கு வகுக்கத் தெரியலையே. மேல்பட்டி, கீழ்பட்டி ரெண்டோட குறுக்குப் பரப்பையும் சேர்த்து 0.15 சதுர அங்குலம்னு ரொம்பக் கம்மியா வெச்சாக்கூட, 750-ஐ அதால வகுத்தா 5,000. ஜமாக்-3ங்கிற துத்தநாகக் கலவை வார்ப்போட இழுவிசை வலிமை 41,000 பக்கம். எட்டுல ஒரு பங்கு. அதுலயும் பித்தளை கேஸ் விரிஞ்சு அறைச் சுவரைப் பிடிச்சுக்கும், முழு 750-ம் பின்னால வந்து சேராது. 6061-டி6 அலுமினியம் 45,000. வலிமைல பெரிய வித்தியாசம் எங்க இருக்கு? எடைலதான் இருக்கு: கன சென்டிமீட்டருக்குத் துத்தநாகம் 6.6 கிராம், அலுமினியம் 2.7. கனமா இருக்கிறதே இலக்குச் சுடுறதுக்கு நல்லது, குழல் ஆடாது.

ஈயக்குண்டு:
அட்டவணையைப் பார்த்து எண்ணை எடுத்துவிட்டால் பொறியாளர் ஆகிவிட முடியாது. அது ஒரு தடவை இழுத்து முறிக்கும் எண். நான் பேசுவது ஆயிரக்கணக்கான தடவை. மேலும் சீரான பட்டிக்குத்தான் உங்கள் வகுத்தல் செல்லும். உதை மேல் அறையில் விழுகிறது, ஃப்ரேமின் நடுவில் அல்ல. பட்டி இழுபடுவதோடு வளையவும் செய்கிறது. சிலிண்டர் உட்காரும் ஜன்னலின் கூர்மூலைகளில் தகைவு குவியும். பேரல் மரை துத்தநாகத்தில் வெட்டப்பட்டது. சிலிண்டர் சுழலும் அச்சான பேஸ் பின்னின் துளையும் துத்தநாகம். வார்ப்புத் துத்தநாகத்தின் வலிமை நாள்பட நாள்படக் கொஞ்சம் குறையும் என்பதாவது தெரியுமா? விரிசல் அந்த மூலைகளில் வரும்.

ஆறறை:
வரும், வரும் என்கிறீர்கள். விரிசல் விட்ட ஒரு படத்தைப் போடுங்கள்.

ஈயக்குண்டு:
படம் கேட்கிறவர்களுக்குப் பாடம் புரியாது. போன தடவை ஸ்பிரிங் இழையில் மூக்குடைபட்ட கோபம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது.

நிதானி:
ஒரு சந்தேகம். எல்லோரும் "ஃப்ரேம்" என்கிறீர்களே, சிலிண்டர் ஃப்ரேமா, பிடி ஃப்ரேமா? 2019-ல் வந்த ரூகர் ராங்லரில் சிலிண்டர் ஃப்ரேம் அலுமினியம், பிடி ஃப்ரேம் துத்தநாகம். ஹெரிடேஜ் ரஃப் ரைடரில் சிலிண்டர் ஃப்ரேமே துத்தநாகக் கலவை. 2023-ல் வந்த சூப்பர் ராங்லரில் சிலிண்டர் ஃப்ரேம் எஃகு. எதைப் பற்றிச் சண்டை என்று முடிவு செய்துவிட்டுத் தொடரலாமே.

ஈயக்குண்டு:
துத்தநாகம் என்றால் துத்தநாகம். 1920-களின் வார்ப்புப் பொம்மைகள் தாமாகவே பொடிந்து உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே உலோகம்.

லேத்துப்பட்டறை:
அதே உலோகம் இல்லண்ணே. அந்தப் பொம்மைல ஈயக் கலப்படம் இருந்துச்சு, அதான் மணிகளுக்கு நடுவுல அரிச்சு உதிருது. 1929-ல நியூ ஜெர்சி ஜிங்க் கம்பெனி 99.99 சதவீத சுத்தத் துத்தநாகத்துல ஜமாக் கொண்டுவந்ததே அந்த நோயை ஒழிக்கத்தான். நூறு வருஷத்துப் பொம்மையக் காட்டி இன்னிக்கு ரிவால்வரை பயமுறுத்தாதீங்க.

புதுவரவு:
சார், நான் வாங்கப் போற ஆள். விரிசல் விஷயம் இருக்கட்டும். கவுன்ட்டர்ல கைல கொடுத்தா எதைப் பார்க்கணும்? பழையது வாங்கலாமா?

லேத்துப்பட்டறை:
இதைக் கேட்க இவ்வளவு நேரம் ஆச்சா தம்பி? முதல்ல தோட்டா போடுற கேட்டைத் திறந்து ஆறு அறையும் காலின்னு கண்ணால பார். ரஃப் ரைடர்னா ஹேமரை (பின்னை அடிக்கிற சுத்தி) ஹாஃப் காக்ல, அதாவது பாதி இழுத்து வெச்சாதான் சிலிண்டர் சுத்தும். ராங்லர்ல கேட்டைத் திறந்தாலே போதும்.

அப்புறம் சிலிண்டர் மேல ஒரு விரலால லேசாத் தடை கொடுத்துக்கிட்டே ஹேமரை மெதுவா இழு. ஹேமர் முழுசா காக் ஆகுறதுக்குள்ள சிலிண்டரைப் பூட்டுற நாக்கு அதோட பள்ளத்துல விழணும். ஒரு அறைல பார்த்துட்டு விட்டுடாதே, ஆறுலயும் பார். ஒண்ணு பிந்தினாலும் வேற பீஸ் கேளு. அந்த அறை பேரலுக்கு நேரா நிக்காது, ஈயத்தைச் சீவும், சீவின துணுக்கு பக்கவாட்டுல தெறிக்கும். பக்கத்துல நிக்கிறவன் கன்னத்துல படும்.

பக்கவாட்டுல துளி ஆட்டம் இருந்தா பரவாயில்ல. முன்னும் பின்னும் ஆட்டம்தான் ரிம்ஃபயர்ல (கேஸோட விளிம்பான ரிம்ல அடிச்சு வெடிக்கிற .22 வகை) வில்லன். ரிம் பின்னால தாங்கலா நிக்கலேன்னா ஃபயரிங் பின் அடிக்கும்போது கேஸ் முன்னால தள்ளிப் போகும், அடி மெத்துனு விழும், தோட்டா வெடிக்காது. சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிய தகடு) விட்டுப் பார்: 0.003 அங்குலம் நுழையணும், 0.010 நுழையக் கூடாது. 0.003-க்கும் கம்மின்னா கொஞ்ச நேரம் சுட்டதும் கரி ஏறி சிலிண்டர் இறுகும்.

பழையதுன்னா ஒவ்வொரு அறை விளிம்புலயும் பின் அடிச்ச பள்ளம் இருக்கான்னு நகத்தால தடவு. தோட்டா இல்லாம காலியா தட்டித் தட்டி விளையாடினவன் கைல இருந்ததுன்னு அர்த்தம். அந்தப் பள்ளம் உள்பக்கம் பிசிறு கிளப்பும், கேஸ் நுழையாது. நுழைஞ்சாலும் வெளிய வராது. ஹேமரை காக் பண்ணிட்டு, விசையத் தொடாம கட்டைவிரலால முன்னால அழுத்திப் பார். விழுந்துதுன்னா அந்தத் துப்பாக்கியத் தொடவே தொடாதே.

ஈயக்குண்டு:
எல்லாம் சரி. விரிசல் தெரியுமா கவுன்ட்டரில்? தெரியாது. 3,000 ரவுண்டு ஆன பிறகு பேரல் மரை தளர்ந்து இடைவெளி 0.010-ஐத் தாண்டும்போது இந்தப் பட்டியலை வைத்து என்ன செய்வார்?

ஆறறை:
இப்போது 3,000 ஆகிவிட்டதா? மேலே 5,000 இருந்ததே.

ஈயக்குண்டு:
வாசிக்கத் தெரியாதவர்களோடு மல்லுக்கட்ட முடியாது. 3,000 மரைக்கு, 5,000 விரிசலுக்கு. 1953-ல் வந்த ரூகர் சிங்கிள்-சிக்ஸ் போன்ற எஃகு ஃப்ரேமில் இந்தத் தொல்லையே இல்லை.

புதுவரவு:
இரண்டு சிலிண்டரோட வர்றதை வாங்கினா .22 மேக்னமும் (எல்.ஆர்.-ஐ விட வலுவான தோட்டா) சுடலாம்னு சொல்றாங்களே?

ஆறறை:
தாராளமாக வாங்குங்கள். ஒரே துப்பாக்கியில் இரண்டு தோட்டா. மேக்னம் சிலிண்டரில் எல்.ஆர். கூட நுழையும்.

லேத்துப்பட்டறை:
நுழையும், அதான் ஆபத்து! எல்.ஆர். கேஸ் விட்டம் 0.226, மேக்னம் 0.242. தொளதொளன்னு இருக்கிற அறைல கேஸ் பிளந்து வாயு பின்னால வரும். கண்ணாடி போடாதவன் கண்ணு போச்சு. மேக்னம் சிலிண்டர்ல மேக்னம் மட்டும், எல்.ஆர். சிலிண்டர்ல எல்.ஆர். மட்டும். ரெண்டும் பார்க்க ஒண்ணு மாதிரியே இருக்கும், அடையாளம் பார்த்து மாட்டு.

ஆறறை:
"நுழையும்" என்றேன், "சுடு" என்று சொல்லவில்லை.

ஈயக்குண்டு:
நழுவுவதைப் பாருங்கள். எழுத்தில் இருக்கிறது ஐயா. இன்னொன்று: மேக்னம் குண்டு 0.224, எல்.ஆர். குண்டு 0.223. இரண்டுக்கும் ஒரே பேரல் என்றால் ஒன்றுக்குச் சமரசம்தான். இலக்கு மட்டும் சுடுகிறவருக்கு அந்த இரண்டாவது சிலிண்டர் அலமாரி அலங்காரம். தோட்டாச் செலவும் எகிறும். அதோடு மேக்னமின் உச்சவரம்பும் அதே 24,000. பரந்த கேஸ், ஆகவே உதை கூடுதல், ஆகவே விரிசல் சீக்கிரம்.

நிதானி:
மீண்டும் கேட்கிறேன், எந்த ஃப்ரேமில்?

ஆறறை:
அவரிடம் பதில் கிடைக்காது நண்பரே. புதுவரவுக்கு ஒன்று: ரஃப் ரைடரின் இடப்பக்கச் சேஃப்டி நெம்பைப் போட்டுவிட்டு விசையை அழுத்தினால் ஹேமர் ஃபயரிங் பின்னைத் தொடாது. ஆகவே காலியாகத் தட்டிப் பழகலாம். அறைக்கு ஒன்றும் ஆகாது.

ஈயக்குண்டு:
நெம்பை நம்பி விளையாடச் சொல்கிறார்! ரஃப் ரைடரில் டிரான்ஸ்ஃபர் பார் இல்லை என்பதைச் சொல்ல மறந்ததேன்? ராங்லரில் விசையை அழுத்தியிருந்தால்தான் அந்தப் பார் மேலே வந்து ஹேமரின் அடியை ஃபயரிங் பின்னுக்குக் கடத்தும். ஆறும் நிரப்பலாம். பார் இல்லாததில் ஐந்துதான்: ஒன்று போடு, ஒன்று விடு, நான்கு போடு, முழுக் காக் செய்து ஹேமரைப் பிடித்து மெல்ல இறக்கு. ஹேமர் காலி அறையில் உட்காரும். நெம்பு இருக்கிறது என்று ஆறு போடுகிறவர் நெம்பைப் போட மறக்கும் நாளும் வரும்.

லேத்துப்பட்டறை:
அஞ்சு போடுற விஷயத்துல அண்ணன் சொன்னது ரைட்டு. விரிசல் விஷயத்துல இல்ல. காலியாத் தட்டணும்னா ராவல் பிளக்தான் சரி. சுவத்துல ஸ்க்ரூ அடிக்கப் போடுற பிளாஸ்டிக் பிளக்குல சின்ன சைஸ் .22 அறைல கச்சிதமா உக்காரும், தலை ரிம் மாதிரி நிக்கும். ஆறு போடு. பின் அடிச்ச இடம் குழிஞ்சதும் திருப்பி வை, நாலஞ்சு தடவை ஆனதும் தூக்கி எறி. பிடில இருக்கிற ஸ்க்ரூ தளரும், நீல நிற நடுத்தர லாக் திரவம் ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், அப்புறம் சூடு காட்டினாதான் வரும். துத்தநாகத்துக்கு சூடு ஆகாது, 380 டிகிரி செல்சியஸ் பக்கத்துலயே உருக ஆரம்பிச்சுடும்.

ஈயக்குண்டு:
பார்த்தீர்களா, சூடு தாங்காது என்று அவரே சொல்லிவிட்டார்.

லேத்துப்பட்டறை:
நான் சொன்னது பர்னர் சூட்டை! .22 சுட்டு ஃப்ரேம் 380 டிகிரி ஆகுமாண்ணே?

புதுவரவு:
வெடிக்காத தோட்டாவை என்ன செய்யணும்?

லேத்துப்பட்டறை:
குழல் இலக்குப் பக்கமே இருக்கட்டும், முப்பது நொடி அசையாதே. ரிம்ஃபயர்ல வெடிமருந்து ரிம்முக்குள்ள சுழட்டிப் பரப்பினது, எங்கயாவது இடைவெளி விட்டிருக்கும். கேஸைக் கொஞ்சம் திருப்பி வெச்சு இன்னொரு தடவை அடி. அப்பவும் வெடிக்கலேன்னா தனியா எடுத்து வை. ஒரே அறைல திரும்பத் திரும்ப நடந்தா அந்த அறைல குறை. எல்லா அறைலயும்னா மெயின் ஸ்பிரிங்கோ, முன்-பின் ஆட்டமோ. "வெடிச்ச" சத்தம் மட்டும் 'புஸ்'ஸுன்னு வந்தா உடனே நிறுத்து, சுத்தமாக் காலி பண்ணு, அப்புறம் கம்பி விட்டுப் பார். குண்டு பேரல்ல சிக்கியிருக்கும். அது மேல இன்னொண்ணு சுட்டா பேரல் உப்பிடும்.

ஆறறை:
நிலைப் பார்வை (நகர்த்த முடியாத குறிபார்க்கும் அமைப்பு) உள்ள ரிவால்வர் குறிக்குக் கீழே அடித்தால் பயப்பட வேண்டாம். முன் பார்வையை அரத்தால் தேய்த்தால் ஏறிவிடும். 25 மீட்டரில் 10 செ.மீ. கீழே, பார்வைகளுக்கு இடைவெளி 20 செ.மீ. என்றால் 0.8 மி.மீ. தேய்க்க வேண்டும்.

ஈயக்குண்டு:
கணக்கு சரி, புத்தி தப்பு. வாங்கிய அன்றே அரத்தை எடுக்கச் சொல்கிறார். முதலில் நான்கைந்து வகைத் தோட்டா சுட்டுப் பார்க்க வேண்டும். வேகம் குறைந்த குண்டு குழலில் கூடுதல் நேரம் இருக்கும், துப்பாக்கி மேலே எழும்பும், குறி ஏறிவிடும். தேய்த்த உலோகத்தை ஒட்ட முடியாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஆறறை:
தோட்டா மாற்றிப் பார்க்காமல் தேய் என்று எங்கே சொன்னேன்? இடது பக்கம் அடித்தால் முன் பார்வையின் வலப்பக்கத்தைத் தேய்க்க வேண்டும் என்பதாவது உங்களுக்குத் தெரியுமா?

ஈயக்குண்டு:
இடப்பக்கம்.

லேத்துப்பட்டறை:
வலப்பக்கம்ணே. முன் பார்வை தப்பு விழுற பக்கமே நகரணும். குண்டு இடப்பக்கம் விழுதுன்னா பிளேடோட நடுவு இடப்பக்கம் போகணும், அதுக்கு வலப்பக்கத்தைத் தேய்க்கணும்.

ஈயக்குண்டு:
நான் பின் பார்வையைச் சொன்னேன்.

ஆறறை:
பின் பார்வையிலும் வலப்பக்கம்தான். நிலைப் பார்வையில் பின் பார்வை என்பது ஃப்ரேமிலேயே வெட்டிய பள்ளம். அதைத் தேய்த்து அகலப்படுத்தினால் முன் பார்வையின் இரு பக்கமும் தெரியும் வெளிச்சம் கூடிப்போகும்.

ஈயக்குண்டு:
அகலப்படுத்தச் சொன்னது யார்? எஃகு ஃப்ரேமில் ஒரு பக்கம் மட்டும் நூலளவு எடுக்கலாம். துத்தநாகத்தில் அரம் வைத்தால் பிசின் மாதிரி பற்களில் அப்பிக்கொள்ளும். அந்தக் கீறலில்தான் விரிசலே

லேத்துப்பட்டறை:
அரத்துல சாக்பீஸ் தேய்ச்சுட்டு எடுங்கண்ணே, அப்பாது.