டேப்பிங்: பெருமை வான் ஹேலனுக்கா, அவருக்கு முன்னால் வந்தவர்களுக்கா?

ஆறாம்கம்பி:
"எலக்ட்ரிக் கிட்டாரில் டேப்பிங்கைக் கண்டுபிடித்தவர் எடி வான் ஹேலன்" என்று எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்கள். (டேப்பிங் என்றால் கம்பியை மீட்டாமல், கிட்டார் கழுத்தின் மேல்பலகையான பிரெட்போர்டில் விரலால் தட்டி ஸ்வரம் எழுப்புவது.) வருடங்களைப் பார்த்தாலே இது நிற்காது. வான் ஹேலன் குழுவின் முதல் ஆல்பம் வந்தது 1978 பிப்ரவரியில். ஜெனிசிஸ் குழுவின் ஸ்டீவ் ஹாக்கெட் 1971ல் வந்த 'நர்சரி க்ரைம்' ஆல்பத்திலேயே வலது கை விரலால் பிரெட்போர்டைத் தட்டி வாசித்திருக்கிறார். அதற்கும் முன்னால், கிரெட்ச் கிட்டார்களோடு ஊர் ஊராகப் போன ஜிம்மி வெப்ஸ்டர் இரண்டு கையாலும் தட்டி வாசிக்க 1952ல் பாடப்புத்தகமே போட்டுவிட்டார். எம்மெட் சாப்மன் 1969ல் இரண்டு கைக்கும் சம வேலை கொடுத்து, அதற்கென்றே 'சாப்மன் ஸ்டிக்' என்ற கருவியை 1974ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். முன்னோடிகளை ஒரு வரியில் அழிப்பது நியாயமா?

வால்வுப்பெட்டி:
வருஷமெல்லாம் சரிதான் நண்பரே, யாரும் மறுக்கல. ஆனா ஹாக்கெட் வாசிச்சதைக் கேட்டு உலகம் முழுக்கப் பசங்க வலது கையைத் தூக்கிக் கழுத்துல வெச்சாங்களா? அந்த முதல் ஆல்பத்துல எடி வாசிச்ச கிட்டார் சோலோ 'இரப்ஷன்' மொத்தமே 1 நிமிஷம் 42 செகண்ட். அதுக்கப்புறம் பத்து வருஷத்துக்கு ராக் லீட் வாசிச்ச பாதிப் பேர் அதைத்தான் திருப்பித் திருப்பி வாசிச்சாங்க.

அதுல டேப்பிங் பகுதி ஆரம்பிக்கிற இடத்தைப் பாருங்க. இரண்டாம் கம்பி, அதாவது பி. வலது விரல் 9வது பிரெட்டில (கழுத்துல குறுக்க பதிச்ச உலோகப் பட்டை) தட்டுது, இழுத்து விட்டா 2வது பிரெட் பேசுது, இடது சுண்டுவிரல் 5ல அடிக்குது. 9-2-5, அவ்வளவுதான். சி ஷார்ப் மைனர் கார்டு (மூணு ஸ்வரக் கூட்டு) ஒரே கம்பில கிடைச்சிருச்சு. வலது விரலை மட்டும் 10க்கு நகர்த்தினா ஏ மேஜர். ஒரு கம்பில கார்டு மாத்திக்கிட்டே போறார். அலங்காரத்துக்கு நடுவுல ஒரு தட்டு தட்டினதில்ல இது. பகுதி முழுக்க இதிலதான் கட்டியிருக்கார்.

பிரெட்ஓரம்:
இதை வாசித்துப் பார்க்கப் போகிறவர்களுக்கு: ரெக்கார்டில் எல்லாக் கம்பியும் அரை ஸ்வரம் இறக்கியிருக்கும், நீங்களும் இறக்கிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் சொதப்புவது தட்டுவதில் அல்ல, விரலை எடுப்பதில்தான். வலது விரலை நேராக மேலே தூக்கினால் 2வது பிரெட் ஸ்வரம் செத்துப்போகும். கம்பியைப் பக்கவாட்டில் லேசாகச் சுண்டி விட்டால்தான் மூன்று ஸ்வரமும் ஒரே அளவில் வரும். தட்டும் இடமும் பிரெட் பட்டைக்கு ஒட்டினாற்போல் இருக்கவேண்டும். இரண்டு பிரெட்டுக்கு நடுவில் தட்டினால் 'டொக்'தான் கேட்கும். இடது ஆள்காட்டி விரல் 2வது பிரெட்டை விடவே கூடாது. அதன் நுனி மூன்றாம் கம்பியைத் தொட்டும், அடிப்பக்கம் முதல் கம்பியில் படிந்தும் இருந்தால் அந்த இரண்டும் அடங்கும். தடித்த கம்பிகளை வலது உள்ளங்கை பார்த்துக்கொள்ளும்.

9-42 கம்பி செட் (மெல்லிய ரகம்), 12வது பிரெட்டில் கம்பியின் உயரம் 1.5 மி.மீ. சுற்றி இருந்தால் விரல் நோகாது. முதலில் டிஸ்டார்ஷன் (ஆம்ப்ளிஃபையர் ஒலியைக் கரகரப்பாக்குவது) இல்லாமல் பழகுங்கள். கெய்ன் (ஆம்பின் உள்பெருக்கம்) ஏற்றினால் ஏற்றத்தாழ்வு காதுக்குத் தெரியாமல் போய்விடும்.

ஆறாம்கம்பி:
கடைசி வரியில் என் வாதத்தையே சொல்லிவிட்டீர்கள். வெப்ஸ்டர் தட்டியது சுத்தமான ஒலியில். ஒவ்வொரு ஸ்வரமும் விரல் பலத்தில் நிற்கவேண்டும். 1978ல் ஆம்ப் தூக்கி நிறுத்துகிறது. அப்படியானால் பெருமை மார்ஷல் ஆம்புக்குத்தானே?

வால்வுப்பெட்டி:
அந்த ஒலியைக் கட்டினதும் எடிதானே! கிட்டாரையே அவர்தான் சேர்த்தார்: 50 டாலர் பாடி, 80 டாலர் நெக். ஃபெண்டர் ஸ்ட்ராட் வடிவ பாடியைக் குடைஞ்சு, கிப்சன் இ.எஸ். 335ல இருந்து எடுத்த ஹம்பக்கரை (கம்பி அதிர்வை மின்சாரமாக்குற இரட்டைச் சுருள் பிக்கப்) பிரிட்ஜ் (பாடில கம்பிகளைத் தாங்குற பகுதி) பக்கம் வெச்சார். கிப்சன் பிக்கப்போட காந்தத் துருவங்கள் நெருக்கம், ஃபெண்டர் பிரிட்ஜ்ல கம்பிகள் அகலம். நேரா வெச்சா ஓரக் கம்பிகள் துருவத்துக்கு வெளிய ஓடும், அதனால சாய்ச்சு வெச்சார். மத்த கண்ட்ரோல் எல்லாம் போச்சு, ஒரே ஒரு வால்யூம் குமிழ்.

சுருள் தளர்வா இருந்தா அதிக சத்தத்துல பிக்கப் கீச்சுன்னு கத்தும். அதுக்குத்தான் பாரஃபின் மெழுகுல முக்கினார். செய்யறவங்க 4 பங்கு பாரஃபினுக்கு 1 பங்கு தேன்மெழுகு போடுங்க. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள்ள இன்னொரு பாத்திரம் வெச்சு 65 டிகிரி செல்சியஸ், காற்றுக்குமிழி நிக்கிற வரைக்கும், ஏறக்குறைய 15-20 நிமிஷம். தெர்மாமீட்டர் இல்லாம இறங்காதீங்க. சூடு ஏறினா பாபின் வளைஞ்சுரும். நேரடி தீயில வெச்சா மெழுகே பத்திக்கும்.

ஆம்புக்கு வேரியாக், அதாவது வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கிற டிரான்ஸ்பார்மர். கரண்டை 90 வோல்ட் பக்கம் இறக்கி, குமிழ் எல்லாம் முழுசாத் திருப்பி, சத்தம் குறைவா அதே டிஸ்டார்ஷன்.

பிரெட்ஓரம்:
வேரியாக் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அது அமெரிக்காவின் 120 வோல்ட்டில் 90. நம் 230ல் அதே விகிதம் 172 வோல்ட். அப்போது வால்வின் ஹீட்டருக்குப் போகவேண்டிய 6.3 வோல்ட்டும் 4.7 ஆக இறங்கிவிடும். 10 சதவீத ஏற்றத்தாழ்வுதான் பொதுவாக ஏற்கத்தக்கது. பயாஸும் (வால்வின் ஓய்வுநிலை மின்னோட்ட அமைப்பு) கலைந்துபோகும். தவறியும் 230க்கு மேல் ஏற்றாதீர்கள், கெபாசிட்டர் வெடிக்கலாம். சத்தம் குறைப்பதுதான் நோக்கம் என்றால் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் அட்டெனுவேட்டர் (ஆம்ப் சக்தியில் ஒரு பகுதியை உறிஞ்சும் பெட்டி) போதும். ஆம்ப் வாட்டுக்குத் தாங்குவதாகவும், ஓம் (மின்தடை) பொருந்துவதாகவும் வாங்குங்கள்.

ஆறாம்கம்பி:
கருவியை அவர் கட்டியது பெரிய வேலைதான், அதில் எனக்குச் சண்டையில்லை. டேப்பிங்கின் வாரிசு வரிசை அவரோடு தொடங்கி அவரோடு முடிகிறது என்பதில்தான் சண்டை. ஸ்டான்லி ஜோர்டனைக் கேளுங்கள். 1985ல் ப்ளூ நோட் வெளியீடாக வந்த ஆல்பத்தில், எல்லாக் கம்பிகளையும் நான்காம் ஸ்வர இடைவெளியில் ட்யூன் செய்து, இடது கை பேஸும் கார்டும், வலது கை மெலடியும் தட்டுகிறார். சுத்தமான ஒலி. 9-2-5க்கு இதில் வேலையே இல்லை. இந்த வழி வெப்ஸ்டர், சாப்மன் பக்கம் நிற்கிறது.

வால்வுப்பெட்டி:
ஜோர்டன் தனி ஆறு, ஒத்துக்கறேன். ஆனா இன்னிக்கு கிட்டார் கடைக்குள்ள போங்க. ஸ்ட்ராட் பாடி, பிரிட்ஜ்ல ஹம்பக்கர், லாக்கிங் டிரெமலோ (கம்பியைப் பூட்டி, நெம்புகோலால ஸ்வரத்தை ஏத்தி இறக்குற பிரிட்ஜ்)ன்னு எத்தனை கம்பெனி, எத்தனை மாடல்! அந்த லாக்கிங் வகை பிளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் முதல் ஆல்பத்துல கிடையாது, சாதா ஃபெண்டர் டிரெமலோதான். ஆனா அந்த பிரிட்ஜ் அப்புறம் எல்லார் கைக்கும் போனதுல அவர் பங்கு பெருசு. தட்டினது யார் முதல்லங்கிறதை நீங்க வெச்சுக்கங்க. அந்தக் கிட்டாரோட உருவத்தை மாத்தினவர் அவர்தான்.