லேப்டாப் மூடியில் உப்புத்தாள்

மாம்பலத்தான்:
போன மே மாதம் நடந்தது. லேப்டாப்போடு வந்த சார்ஜர் போய்விட்டதால் டூ-பின் சார்ஜர் ஒன்றை மாட்டியிருந்தேன். உலோக மூடியில் தூசி துடைக்க விரலை ஓட்டினால் உப்புத்தாள் மாதிரி சொரசொர. விரலை நிறுத்தினால் ஒன்றுமே இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தடவினேன், வழவழவென்று போனது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நம்ம பழைய கிரைண்டரும் இப்படித்தான்டா சுரசுரங்கும். அதான் ஈரக்கையோட தொடாதேன்னு கத்துவேன்" என்றாள்.

டூ-பின் சார்ஜரில் எர்த் இல்லாததால் லேப்டாப்பின் உலோக உடம்பில் தங்கும் மின்னழுத்தம் விரல் தோலை லேசாக இழுக்கிறது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுற்றுக்கு இரண்டு இழுப்பு, நொடிக்கு 100. விரல் நகரும்போது உராய்வு அத்தனை முறை ஏறி இறங்க, மூளை அதைச் சொரசொரப்பு என்று எடுத்துக்கொள்கிறது. மாலின்க்ரோட் என்பவர் பித்தளை விளக்கு ஹோல்டரைத் தடவி இதையே கவனித்து, 1953-ல் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். 2010-ல் டிஸ்னி ஆய்வுக்கூடம் இதைத் தொடுதிரையில் கொண்டுவந்தது. 2022-ல் நம்ம ஐஐடி மெட்ராஸ் அறிவித்த ஐடேட் (iTad) என்ற, படத்தின் சொரசொரப்பை விரலில் உணரவைக்கும் திரையும் ஏறக்குறைய இதே வழிதான், அசையும் பாகம் எதுவும் கிடையாது. (அதற்காகக் கிரைண்டரைத் தடவிப் பார்க்காதீர்கள், முதலில் எர்த் போடுங்கள்.)

தரமணி அக்கா:
இந்த மாதிரித் திரை ஒன்றை டெமோவில் தொட்டிருக்கிறேன். புடவைப் படம். ஜரிகைக் கரை வந்ததும் விரல் தட்டுப்பட்டது, அது நிஜமாகவே அசத்தல். ஆனால் உடல் பகுதி பட்டா, பாலியஸ்டரா? தெரியவில்லை. தி.நகரில் முந்தானையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத்தானே கசக்கிப் பார்ப்போம்? இங்கே ஒரு பக்கம்தான் இருக்கிறது. கனமும் மென்மையும் உராய்வில் வராது. அப்புறம் நம்ம ஊர் வேர்வை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை விரலைத் துப்பட்டாவில் துடைத்தேன்.

ரவுண்ட் டானா:
என் கதை வேறு. மேக்புக் லேப்டாப்பின் டிராக்பேட் (விரலால் தேய்க்கும் பலகை) அமுங்கவே இல்லை என்று ரிச்சி தெருவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் பவர் பட்டனைத் தட்டினார், கிளிக் வந்துவிட்டது. 2015 முதல் வந்த பல மேக்புக்குகளில் அந்தப் பலகை கீழே இறங்குவதே இல்லையாம். உள்ளே மின்காந்தம் ஒரு தட்டுத் தட்டுகிறது, நாம் அமுக்கியதாக நினைத்துக்கொள்கிறோம். மெஷின் ஆஃப் என்றால் அதுவும் கிடையாது. காசு வாங்கவில்லை, டீ வாங்கித் தரச் சொன்னார்.