ஓடும் தண்ணீர், ஷட்டர் வேகம்: மறக்காத ஒரு படம்

தென்காசிச் சாரல்

குற்றாலம் மெயின் அருவி, ஆண்கள் பக்கம். விடிந்து கொஞ்ச நேரம்தான். மேகமூட்டம், பாதுகாப்பு வளைவை (ஆர்ச்) தொடாத அளவான வரத்து. லென்ஸில் சிபிஎல் (பளபளப்பைக் குறைக்கிற ஃபில்டர்), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் 11 (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறிது), ஷட்டர் அரை நொடி. டிரைபாட் விரிக்க இடமில்லை, சுவர் மேல் துண்டைச் சுருட்டி அதில் கேமராவை அமுக்கி வைத்து டைமரில் எடுத்தேன்.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் குளித்துக்கொண்டிருந்த கூட்டம் முழுக்கக் கரைந்து நிறத் திட்டுகளாகிவிட்டது. நடுவில் ஒரு பெரியவர் மட்டும் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, தலையைக் குனிந்து, முதுகில் தண்ணீரை வாங்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறார். இடுப்புத் துண்டின் சிவப்புக் கரைகூடத் துல்லியமாகத் தெரிகிறது.

அவர் மகன் எட்டிப் பார்த்தார். "எங்கப்பா மட்டும்தான் இருக்காரு. நாங்க நாலு பேரும் பக்கத்துலதானே நின்னோம்?" என்றார். சிபிஎல்லைக் கழற்றி, ஐஎஸ்ஓ 400, எஃப் 4, 1/250 நொடியில் எல்லாரும் தெரிகிற மாதிரி ஒன்று எடுத்து அனுப்பினேன். அவருக்கு அது போதும். எனக்கு அந்த முதல் படம்தான் மனசை விட்டுப் போகவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

பரிசல்துறை

நல்ல படம்தான். ஆனால் தண்ணீரைப் பால் மாதிரி ஆக்குகிற இந்தப் பழக்கம் எனக்கு ஒத்துவருவதில்லை. ஒகேனக்கல்லில் வெள்ளம் வந்த நேரம். பரிசல் ஓட்டத் தடை, ஓட்டிகள் எல்லாம் கரையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். செம்மண் கலங்கிய காவிரி. ஒரு நொடியில் எடுத்தேன், காவி நிறப் பட்டை மட்டும் மிஞ்சியது. 1/1600க்குப் போனதும்தான் தண்ணீர் கட்டி கட்டியாகப் பாறையில் மோதி உடைவது தெரிந்தது.

பக்கத்தில் இருந்த பரிசல்காரர் ஒருவர் இரண்டு படத்தையும் வாங்கிப் பார்த்தார். முதல் படத்தைத் தள்ளிவிட்டு, இரண்டாவதில் ஓரமாக இருந்த ஒரு கறுப்புக் குழியில் விரல் வைத்தார். "இங்க சுழி இருக்கு சார். இந்தப் பக்கம் போனா பரிசல் திரும்பிடும்" என்றார். நான் அங்கே அவ்வளவு நேரம் நின்றும் அது என் கண்ணில் படவே இல்லை. ஒரு நொடிப் படத்தில் அதே இடம் மழமழவென்று இருக்கிறது. ஆற்றில் தொழில் செய்கிறவருக்கு எந்தப் படம் பயன்பட்டது, சொல்லுங்கள்.

ஐஎஸ்ஓ நூறு

இரண்டு பேரும் வேக எண்ணை மட்டும் வைத்துச் சண்டை போடுகிறீர்கள். எனக்கும் ஒரு அனுபவம் உண்டு: கோவைக் குற்றாலத்தில் ஒரு தம்பி நட்டநடு வெயிலில் எஃப் 22 வைத்துக்கொண்டு, "ஏன் சார் தண்ணி ஓடவே மாட்டேங்குது, படமும் மங்கலா இருக்கு" என்று அழாத குறையாக நின்றார். அவ்வளவுதான் கதை. அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர் கீழே வரும்போது நொடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகத்தில் இருக்கும். 1/1000ல் அது ஒரு சென்டிமீட்டர் நகரும். 1/125ல் 8 சென்டிமீட்டர். 1/10ல் ஒரு மீட்டர். அதே 1/10ஐ நொடிக்கு ஒரு மீட்டர் ஓடுகிற வாய்க்காலில் வைத்தால் நகர்வு 10 சென்டிமீட்டர்தான். தூரத்திலிருந்து வைட் லென்ஸில் (அகலமான காட்சியைப் பிடிக்கிறது) எடுத்தால் அந்த நகர்வு படத்தில் இன்னும் சிறுத்துவிடும். ஆகவே "அருவிக்கு இவ்வளவு நொடி" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எந்த இடம், எவ்வளவு கிட்டே, என்ன லென்ஸ் என்று கேளுங்கள்.

அப்புறம் என்டி ஃபில்டர், அதாவது வெளிச்சத்தைக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி. அது போடாமல் 1/125 வருகிறது என்று வையுங்கள். என்டி 8 போட்டால் 1/15. என்டி 64 போட்டால் அரை நொடி. என்டி 1000 போட்டால் 8 நொடி. என்டி 1000 வழியாக வ்யூஃபைண்டரில் பார்த்தால் ஏறக்குறைய இருட்டு, அதனால் ஃபோகஸை முதலிலேயே பிடித்து மேனுவலுக்கு மாற்றிவிட்டுப் பிறகு ஃபில்டரை மாட்டுங்கள். டிஎஸ்எல்ஆர் என்றால் வ்யூஃபைண்டரையும் மூடுங்கள், பின்பக்கமாக வெளிச்சம் புகுந்து படத்தைக் கெடுக்கும். எஃப் 22 வேண்டவே வேண்டாம், அந்தத் தம்பியின் படம் மங்கியது டிஃப்ராக்ஷனால்தான் (துளை மிகச் சிறிதானால் ஒளி வளைந்து பரவுவது). சிபிஎல் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) வெளிச்சத்தைத் தின்னும், பரவாயில்லை. ஈரப் பாறை, இலை மேலுள்ள பளபளப்பை அது எடுத்துவிடும். அதைப் பிறகு எந்த மென்பொருளிலும் சரியாக எடுக்க முடியாது. விலை குறைந்த வேரியபிள் என்டி (திருகி இருட்டைக் கூட்டிக் குறைக்கிறது) வாங்கி வைட் லென்ஸில் முழுக்கத் திருகினால் வானத்தில் பெருக்கல் குறி போல ஒரு நிழல் விழும். அருவி ஓரத்துச் செடிகள் அந்தக் காற்றுக்கே ஆடும், அதற்குத் தனியாக 1/250ல் ஒரு படம் எடுத்து வைத்துப் பிறகு சேருங்கள். டிரைபாடில் வைத்தால் ஸ்டெபிலைசரை அணைக்க…

கரையோரம்

சார், அவர் அனுபவம் கேட்டார், நீங்கள் வகுப்பே எடுத்துவிட்டீர்கள். கணக்கு நன்றாக இருந்தது, அதை மறுக்கவில்லை.

என்னுடையது கடல். அரிச்சல்முனை, சூரியன் ஏறுவதற்கு முன். அலை திரும்பிப் போகும்போது 1/4 நொடியில் எடுத்தால் நுரை வெள்ளைக் கோடுகளாக இழுபடும். கால் நொடிக்கு மேலே போகப் போகக் கோடு போய்ப் பனி மூட்டம் வந்துவிடும், எனக்கு அது பிடிக்காது. சட்டகம் பிரமாதமாக அமைந்தது, அலை வழிந்தது, அழுத்தினேன். கோடு எல்லாம் நேராக வராமல் கொக்கி போல ஒரே பக்கமாக வளைந்திருந்தது. குனிந்து பார்த்தால், அலை மணலை அரித்துக்கொண்டு போக, டிரைபாடின் ஒரு கால் என் கண் முன்னாலேயே மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கிறது. அந்தக் கொக்கிப் படத்தைத்தான் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லாரும் "எப்படி எடுத்தீங்க?" என்று கேட்கிறார்கள்.

முதல் பதிவு போட்ட நண்பருக்கு ஒன்று. குளிக்கிற இடத்தில் கேமராவை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆண்கள் பக்கமானாலும் கேட்க வேண்டாமா?

தென்காசிச் சாரல்

கரையோரம் அண்ணா, பெரியவரிடமும் மகனிடமும் காட்டி, சரி என்ற பிறகுதான் வைத்துக்கொண்டேன். மற்றவர்கள் யார் என்றே அதில் தெரியாது, அரை நொடி அவர்களை அழித்துவிட்டது. அந்த விதத்தில் 1/250 படத்தைத்தான் நான் வெளியில் போட மாட்டேன்.

மொபைல்காரன்

எங்களை மாதிரி ஆட்களையும் கொஞ்சம் கவனியுங்க ப்ரோ. பெரும்பாலான போன்களில் அப்பர்ச்சரை (லென்ஸ் துளையை) மூட முடியாது, பகலில் ஷட்டரை இறக்கினால் வெள்ளையடித்துவிடும். ஐபோனில் லைவ் போட்டோ எடுத்து, அதை லாங் எக்ஸ்போஷராக (ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைத்த மாதிரி) மாற்றுவது ஒரு வழி. என்னிடம் ஐபோன் இல்லை. 1/30ல் 16 படம் தொடர்ச்சியாக எடுத்துக் கணினியில் சராசரி போட்டேன். கணக்குப்படி அரை நொடிக்குச் சமம்.

கல்லணையில் மதகு திறந்திருந்தபோது முயன்றேன். நடுவில் தண்ணீர் அருமையாக மழமழத்துவிட்டது. ஆனால் ஓரத்தில் மிதந்த ஒரு நுரைத் துணுக்கு கோடாக வராமல் வரிசையாகப் புள்ளி புள்ளியாக வந்திருந்தது. எண்ணிப் பார்த்தால் 16 புள்ளி! ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் கேமரா கண்ணை மூடுகிற இடைவெளி அப்படியே பதிவாகியிருக்கிறது. இதைச் சரிசெய்ய வழி தேடி அலைகிறேன், மனைவி "புள்ளிக் கோலம் நல்லாத்தானே இருக்கு" என்கிறாள்.

கொல்லிமலைப் படி

மொபைல்காரன் தம்பி, சராசரி போடுகிற வேலையை நான் வேறு காரணத்துக்காகச் செய்கிறேன். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேல் படி இறங்கிப் போனால், கீழே அருவியின் தூவானம் நேராக முகத்தில் அடிக்கிறது. 8 நொடி திறந்து வைத்தால் அதற்குள் ஃபில்டரில் துளி விழுந்துவிடும். அப்படி விழுந்த ஒரு துளி, பாறையின் நடுவில் வெளிச்ச வட்டமாக வந்து முழுப் படத்தையும் தின்றுவிட்டது. கூட வந்தவர் குடை பிடித்தார், காற்று அதைத் திருப்பிப் போட்டதுதான் மிச்சம்.

அதனால் ஒரு நொடிப் படங்களாக நிறைய எடுத்தேன், ஒவ்வொன்றுக்கும் நடுவில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. துளி படாத எட்டைப் பொறுக்கிச் சேர்த்தேன். புள்ளி வருமா என்று கேட்பீர்கள். வரவில்லை. ஒரு நொடியில் விழுகிற தண்ணீர் ஏற்கெனவே நீளமாக இழுபட்டுவிடுகிறது, இடைவெளி அதற்குள் மறைந்துவிடும். உங்கள் 1/30ல் நுரை கொஞ்சம்தான் நகரும், அதனால்தான் புள்ளி. 1/30 கிடைக்கிற மங்கிய வெளிச்சத்தில் ஒரு மலிவான என்டி 8ஐ போன் லென்ஸ் முன்னால் பிடித்து, 1/4 வரை இறக்கி முயன்று பாருங்கள். எடுத்ததும் இங்கே போடுங்கள்.