சிப்பிப்பாறையோடு கொடைக்கானல் போகும் கதாநாயகி: எங்கெல்லாம் தப்பு?

மைக்கூடு: நகைச்சுவை நாவல், பாதி எழுதியாச்சு. மணமுறிவுக்குப் பிறகு 36 வயசுப் பெண் ஒருத்தி, 20 கிலோ சிப்பிப்பாறை நாயோடு பாண்டியன் எக்ஸ்பிரஸில் தேர்ட் ஏசியில் ஏறி, கொடைக்கானலில் சாக்லேட் கடை போடுகிறாள். முதல் நாளே நாய் ஒரு தட்டு டார்க் சாக்லேட்டைக் காலி பண்ண, கடையே சிரிக்கிறது. நாய் வளர்ப்பவர்கள் திட்டாமல் இருக்க எதை மாற்றணும்?

பார்சல்ஆபீஸ்: தேர்ட் ஏசி, செகண்ட் ஏசி, ஸ்லீப்பர் எதிலும் நாயை ஏற்ற முடியாது. ஃபர்ஸ்ட் ஏசியில் கதவுள்ள தனி அறை, அதாவது இரண்டு பெர்த் கூபே அல்லது நாலு பெர்த் கேபின், முழுசாக உங்கள் பெயரில் இருக்கணும். இல்லையென்றால் கார்டு இருக்கும் பிரேக் வேன் பெட்டியிலுள்ள நாய்க் கூண்டுதான். இருட்டு, இரைச்சல், நகைச்சுவைக்கு ஆகாது. ஆன்லைனில் கூபேயைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. ஒரே பிஎன்ஆரில் இரண்டு டிக்கெட் எடுத்து, முன்கூட்டியே மனு கொடுத்துவிட்டு, சார்ட் வரும்வரை நகம் கடிக்க வேண்டியதுதான். ஆக அந்த இரண்டாவது டிக்கெட்டுக்கு ஒரு அத்தையைக் கூடவே அனுப்புங்கள், கதைக்கும் நல்லது. தடுப்பூசிச் சான்றோடு சில மணி நேரம் முன்னாடியே பார்சல் ஆபீஸுக்குப் போய் நாய்க்கு ரசீது போடணும். கொடைக்கானலுக்கு இறங்க வேண்டிய கொடைரோடு ஸ்டேஷனில் வண்டி ஓரிரு நிமிஷம்தான் நிற்கும். விடியற்காலை, அத்தை, நாய், பதினோரு பை. அங்கே ஒரு அத்தியாயமே இருக்கிறது.

வால்டாக்டர்: சாக்லேட் காட்சியை எடுத்துவிடுங்கள். அதிலுள்ள தியோப்ரோமின் நாய் உடம்பில் கரைய ரொம்ப நேரம் பிடிக்கும். நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனாலே வாந்தி, தாகம், நிலைகொள்ளாமை. 60ஐத் தொட்டால் வலிப்பு. உங்கள் நாய்க்கு 400 மில்லிகிராம் போதும்: டார்க் என்றால் சுமார் 75 கிராம், மில்க் சாக்லேட் என்றால் 200 கிராம். அறிகுறி தெரியவே 6 முதல் 12 மணி நேரம் ஆகலாம். அதனால் தின்றதும் சிரித்தவர்கள் ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். சாக்லேட்டில் உலர்திராட்சை இருந்தால் இன்னும் மோசம், சிறுநீரகத்தை அடிக்கும். திருட வேண்டுமென்றால் கேரட் திருடட்டும். கொடைக்கானலில் பஞ்சமில்லை, நாய்க்கும் ஒன்றும் ஆகாது.

மைக்கூடு: வேட்டை நாய் கேரட்டைக் கவ்விக்கொண்டு ஓடுவது இன்னும் நன்றாக இருக்கிறதே! அத்தையும் உள்ளே வந்தாச்சு. ஊரில் அதை அவிழ்த்துவிட்டு நடக்கலாமா?

கன்னிசிப்பி: கூடவே கூடாது. சிப்பிப்பாறை கண்ணால் வேட்டையாடும் இனம். ஓடும் பொருளைப் பார்த்துவிட்டால் கூப்பிட்டது காதில் ஏறாது, கொடையிலோ தெருவுக்குள்ளேயே காட்டுமாடு வரும். சாதாரண காலரும் சரிப்படாது. தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே பருமன், பின்னால் இரண்டடி வைத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். இழுத்தால் இறுகும் மார்ட்டிங்கேல் காலர் போடுங்கள், இறுகிய நிலையில் காதுக்குப் பின்னால் இரண்டு விரல் நுழையணும். தோலுக்கடியில் கொழுப்பு ரொம்பக் குறைவு, டிசம்பரில் நடுங்கும், ஸ்வெட்டர் வேணும். ஆனால் ஆயத்த ஸ்வெட்டர் எதுவும் பொருந்தாது: நெஞ்சுக்குச் சரியாக எடுத்தால் வயிற்றில் தொங்கும். அத்தைக்குப் பின்னல் தெரியுமா? இன்னொன்று, நாயின் பழைய படுக்கை விரிப்பைத் துவைக்காமல் கொண்டுபோகச் சொல்லுங்கள். அந்த வாடை இருந்தால்தான் புது வீட்டில் முதல் ராத்திரி படுக்கும். அதைத் துவைக்கணும் என்று அத்தை நிற்பார், பாருங்கள்.