மகப்பேறு பிரிவின் நாலு முதல் வருஷப் பயிற்சி மருத்துவர்களைப் பற்றிய கொரியத் தொடர் ரெசிடென்ட் பிளேபுக் பார்க்கும்போது உங்களுக்கு மறக்காமல் நின்றது எது?

இரவுப்பூ:
அந்த நாலு பேரில் ஒருத்தியான ஓ யி யங் கடனை அடைக்கத்தான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தாள் என்கிற கதையெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரியும். எனக்கு மனதில் நிற்பது எங்கள் வீட்டு சோபாவில் நடந்தது. என் தங்கை மகப்பேறு பிரிவில் முதல் வருஷ பிஜி (மேற்படிப்பு டாக்டர்), ரெண்டு நாள் டூட்டி முடித்து வந்தவள் "அக்கா, அந்தக் கொரியன் சீரியலைப் போடு" என்று உட்கார்ந்து, பாதி தோசையோடு தட்டை மடியில் வைத்தபடியே தூங்கிவிட்டாள். தொடரில் யாருக்கோ போன் அடித்தது. கண்ணைத் திறக்காமலே எழுந்து நின்று "சொல்லுங்க சிஸ்டர், பிபி எவ்வளவு, இதோ வர்றேன்" என்று காலால் செருப்பைத் தேடுகிறாள். தட்டு கீழே கிடக்கிறது, சட்னி பாயெல்லாம். அவளைத் திரும்ப உட்கார வைக்க எனக்கு ஐந்து நிமிஷம் ஆனது. அன்றைக்குப் பிறகு சத்தத்தைக் குறைத்து, சப்டைட்டிலோடு மட்டும்தான் பார்க்கிறேன்.

சுவோன்வாசி:
நான் இருப்பது கொரியாவில். இந்தத் தொடர் 2024லேயே வந்திருக்க வேண்டியது, 2025 ஏப்ரல் 12க்குத்தான் வந்தது. மருத்துவக் கல்லூரி இடங்களை வருஷத்துக்கு 2,000 கூட்டுவதாக அரசு சொன்னதும் பயிற்சி மருத்துவர்கள் அதை எதிர்த்து ஆயிரக்கணக்கில் வேலையை விட்டு வெளியேறிவிட்டார்கள், அந்த நேரத்தில் பயிற்சி மருத்துவர்களைப் பாசமாகக் காட்டினால் யார் பார்ப்பார்கள்? 2024 மார்ச்சில் என் மனைவிக்கு எட்டாம் மாதம், ராத்திரி திடீரென்று ரத்தப்போக்கு. வார்டில் ஒரு ஜூனியர்கூட இல்லை. தலை நரைத்த பேராசிரியை ஒருவர் தானே ரத்தம் எடுத்து, தானே ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார், சக்கரம் கதவுப் பட்டியில் மாட்டிக்கொண்டது, நானும் பிடித்துத் தள்ளினேன். குழந்தை நன்றாக இருக்கிறாள், இப்போது நடக்கிறாள். ஆனால் திரையில் அந்த நாலு பேர் சிரித்துக்கொண்டு ஓடிவருவதைப் பார்க்கும்போதெல்லாம் "அன்றைக்கு எங்கே போனீர்கள்" என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

வெண்கோட்டு:
சுவோன்வாசி, உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் முழுவதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரவுப்பூ தங்கையின் கதையை இன்னொரு முறை படியுங்கள். கொரியாவில் பயிற்சி மருத்துவர்களிடம் வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று 2017ல்தான் சட்டம் நடைமுறைக்கு வந்தது, 80 என்பதே எவ்வளவு என்று யோசியுங்கள். சரி, புதிதாகப் பார்க்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், இதை முதலில் பார்க்காதீர்கள். இதன் மூலத் தொடரான, 2020, 2021ல் வந்த ஹாஸ்பிடல் பிளேலிஸ்ட் ரெண்டு சீசனையும் முடித்துவிட்டு வாருங்கள். அதில் சூ மின் ஹா என்று ஒரு பயிற்சி மருத்துவர், அடர்த்தியாக ஐஷேடோ போட்டுக்கொண்டு வருவாள், கூட இருக்கிற மியங் உன் வொன் வேலைக்கு டிமிக்கி கொடுத்துக்கொண்டே இருக்க எல்லாம் இவள் தலையில் விழும். அதே மியங் உன் வொன் இந்தத் தொடரில் சீனியராக வந்து நிற்கும்போது பழசைப் பார்த்தவர்களுக்கு வயிறு எரியும், பார்க்காதவர்களுக்கு வெறும் எரிச்சலான சீனியர், அவ்வளவுதான். அப்புறம், 12 எபிசோடையும் ஒரே வார இறுதியில் முடிக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒன்று போதும். சாப்பிடும்போது வேண்டாம், ஆபரேஷன் சீன்கள் நிறைய. கர்ப்பமாக இருப்பவர்கள் பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொண்டு பாருங்கள். என் அனுபவம் என்று கேட்டால், அந்த நாலு பேரில் முன்னாள் பாப் பாடகனான ஓம் ஜே இல்லைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியில் இருந்த என் அத்தைக்கு போன் செய்து ஒரு பாட்டுப் பாடினேன்.

நத்தைக்கூடு:
அந்த நாலு பேரில் உணர்ச்சி காட்டாத கிம் சா பியைப் பலர் "ரோபோ" என்கிறார்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால், என் கர்ப்பத்தின் பத்தாவது வாரத்தில், ஒரு சின்னப் பெண் டாக்டர் ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே "இதயத் துடிப்பு இல்லை, அளவு எட்டு வாரத்தோடு நின்றிருக்கிறது" என்று புத்தகத்தில் படிப்பது போலச் சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வெறுத்தேன் அவளை. ஒரு மணி நேரம் கழித்து நான் வராந்தா பெஞ்சில் இருந்தபோது வந்தாள், கையில் ஒரு தண்ணீர் பாட்டில், மூடியைத் திறந்து நீட்டினாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கை நடுங்கி என் புடவையில் கொஞ்சம் தண்ணீர் சிந்தியது. சா பி நோயாளி முன்னால் என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாட்டில்தான் தெரிகிறது.

சுவோன்வாசி:
நத்தைக்கூடு அக்கா, இதைப் படித்த பிறகு என் பதிவின் கடைசி வரியை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். எடுக்கவில்லை, அதுவும் உண்மைதான்.

இரவுப்பூ:
தங்கையிடம் நத்தைக்கூடு எழுதியதைப் படித்துக் காட்டினேன். "அந்த டாக்டர் இப்ப எங்க இருக்காங்க?" என்று மட்டும் கேட்டாள். இன்றைக்கு மறுபடி நைட் டூட்டி, டிபன் பாக்ஸில் தோசை கட்டிக் கொடுத்திருக்கிறேன்.